சுபத்ரா பேசிய தமிழ்

பேய், ஆவி, குறி கேட்பது, மந்திரித்த தாயத்து எதையும் நம்பாதவள் நான். வாழ்நாளெல்லாம் ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். புளியமரத்தில் மோகினி இருக்கிறாள் என்று பிள்ளைகள் பயந்தால் உச்சிவெயிலில் அந்த மரத்தடியிலேயே உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவேன். அப்படிப்பட்டவள் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்புவது உங்கள் இஷ்டம். பெயர்களை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம் ஒரு சின்ன கிராமம். நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. அப்புறம் எல்லை பிரித்தார்கள். திருத்தணிப் பக்கத்தை மதராஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு எங்களை ஆந்திரா பக்கம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீடு அதே இடத்தில்தான் இருந்தது, கடலைக்காட்டு வரப்பும் நகரவில்லை, ஆனால் ஒருநாள் காலையில் எழுந்தபோது நாங்கள் ஆந்திராக்காரர்கள். நைனாவுக்காவது, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சந்தைத் தெலுங்கு வரும், எனக்கு அதுவும் வராது. வாத்தியார் வேலைக்குப் போக வேண்டுமென்றால் இனிமேல் தெலுங்கில்தான் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப்பெட்டியோடு திருப்பதியில் பெண்கள் பயிற்சிப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் போய் இறங்கினேன். இத்தனைக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரம். கடல் தாண்டிப் போனவர்கள்கூட என்னளவு வாயடைத்து நின்றிருப்பார்களா, தெரியாது.

முதல் நான்கு மாதம் நான் ஏறக்குறைய ஊமை. சாப்பாட்டுக் கூடத்தில் மோர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவேன். சமையல்கார ரத்தினம்மா புத்தூர்க்காரி, தமிழ் பேசுவாள், ஆனால் சமையலறையில் நின்று பேசக்கூடாது என்று வார்டனம்மா உத்தரவு. என் அறையில் இன்னொருத்தி இருந்தாள். பெயர் சுபத்ரா, மதனபள்ளிப் பக்கம். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது, கேட்டதுகூட இல்லையாம். அமைதியான பெண். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். நாங்கள் இரண்டு பேரும் ஜாடையில்தான் குடும்பம் நடத்தினோம்.

கார்த்திகை மாதத்தில் எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பார்க்க அனுப்பினார்கள். இரண்டாம் வகுப்பு. பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன். முன் வரிசையிலிருந்து ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்து என் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, நான் எழுதிய எழுத்துகளின் தலையில் விட்டுப்போன வளைவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தெலுங்கில் அதற்குத் தலைக்கட்டு என்று பெயர். அந்தக் குழந்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் வகுப்பே சிரித்தது, பின்னால் நின்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த டீச்சரும் சிரித்தார்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் படுத்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருச்சானூரில் அம்மன் உற்சவம். வார்டனம்மா எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஹாஸ்டலில் நான், சமையலறையில் ரத்தினம்மா, அப்புறம் என்னைத் தனியாக விட மனசில்லாமல் போகாமல் நின்றுவிட்ட சுபத்ரா, மூன்றே பேர். என் பெட்டியைக் கட்டி கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவது, திரும்பி வருவதே இல்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல பாஷை வேண்டுமே.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். வெளியே தூறல். ஜன்னலில் மலை பாதிக்குமேல் மேகத்தில் மறைந்திருந்தது. சுபத்ரா என் கட்டிலில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"அஞ்சலை, ஊட்டுக்குப் போலாம்னு பொட்டி கட்டிட்டியா?"

தமிழ். அதிலும் எங்கள் ஊர்த் தமிழ். இதில் எனக்கு இன்றைக்கும் பிடிபடாத ஒரு விஷயம், அந்த நேரத்தில் அது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. இவளுக்கு எப்படித் தமிழ் வந்தது என்று தோன்றவே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் எந்தக் கிணறு என்றா கேட்போம், அந்த மாதிரி நானும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"ஆமா. நாளைக்குக் காலைல போய்ட்றேன்."

"எழுத்துக்குத் தலைக்கட்டு போடலன்னு ஒருத்தி படிப்ப உடுவாளா? வேற என்னமோ இருக்குது. சொல்லு."

சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அம்மா செத்ததிலிருந்து வீட்டு வேலை முழுக்க என்னுடையது. நான் திருப்பதிக்குக் கிளம்பியதும் அந்த வேலை என் தங்கச்சி தேசம்மா தலையில் விழுந்தது. பதினொரு வயது. என்னை அனுப்புவதற்காக நைனா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் கையெல்லாம் அடுப்புக்கரி. "அக்கா, நீ டீச்சர் ஆய்ட்டு வந்து எனக்கு ஊட்லயே பாடம் சொல்லிக் குடுப்பியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.

"அவ பள்ளிக்கூடத்த நான் துன்னுட்டேன் சுபத்ரா" என்று அழுதேன். "அத துன்னுட்டு வந்தும் எனக்கு ஒரு எழுத்து வரல பாரு."

சுபத்ராவும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடைய கதையைச் சொன்னாள், அதுவும் தமிழில்தான், மெதுவாக. அவளுக்குப் பதினொரு வயதில் கல்யாணம் நடந்திருக்கிறது. பதிமூன்றில் அந்தப் பையன் காலராவில் போய்விட்டான். அவன் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. நாலு வருஷம் பொட்டில்லாமல், பூ இல்லாமல் ஒரு அறையில் கிடந்தவளை அவளுடைய நைனா ஒருநாள் ஊரை எதிர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹாஸ்டல் வாசலுக்கு முன்னால் ஜட்காவை நிறுத்தச் சொல்லி, மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவரே அவள் நெற்றியில் வைத்திருக்கிறார். "கை நடுங்கிச்சு, பொட்டு கோணிக்கிச்சு, நான் சரி பண்ணிக்கவே இல்ல, அப்படியே உள்ள வந்துட்டேன்" என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

கடைசியில் என்னிடம், "நீ போனா தேசம்மாக்கு என்னா கெடைக்கும்? நீ இங்க இருந்துக்கினே அவள இஸ்கோலுக்கு அனுப்ப வெக்கணும்" என்றாள். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது பெண்கள் உற்சவத்திலிருந்து திரும்பி வந்து கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. பெட்டியைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டேன். சுபத்ரா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்ன மாதிரி நைனாவுக்குக் கடுதாசி எழுதப்போறேன்" என்றேன்.

அவள் சீப்போடு திரும்பி, "ஏமிட்டி?" என்றாள். என்ன என்று கேட்கிறாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. என் உடைந்த தெலுங்கில், நேற்று தமிழில் பேசினாயே என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். தெலுங்கில் நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொன்னாள்: "தமிழா, நானா? நீதான் நேற்று அவ்வளவு நன்றாகத் தெலுங்கு பேசினாய். இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று நானே கேட்க நினைத்தேன்."

காய்ச்சல் வேகத்தில் நான்தான் ஏதோ கனவு கண்டிருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் அவளே, "தேசம்மாவைப் பற்றி உன் நைனாவுக்கு எப்போது எழுதப்போகிறாய்?" என்றாள். தேசம்மா என்கிற பெயரை அந்த ஹாஸ்டலில் நான் எவரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் நான் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது. பாஷைதான் நடுவில் எங்கேயோ மாறியிருக்கிறது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் நெற்றியைக் காட்டி, "இதைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன், பயப்படாதே" என்றேன்.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"யார் சொன்னது உனக்கு?"

"நீதான். நேற்று."

"நான் சொல்லவில்லை அஞ்சலி." அவள் என்னை அஞ்சலி என்றுதான் கூப்பிடுவாள். "நீ உன் கதையைச் சொன்னாய். எனக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. நைனா தலைமேல் சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை."

ஜட்கா, பொட்டலம், கோணிப்போன பொட்டு, எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேருமாகச் சமையலறைக்குப் போனோம். வார்டனம்மா உத்தரவை யார் பார்த்தார்கள்! ரத்தினம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நேத்து மத்தியானம் நாங்க எந்த பாஷைல பேசிக்கினு இருந்தோம் அக்கா?" என்று கேட்டேன்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசினீங்களா? கஞ்சி வெக்க ஒரு வாட்டி வந்தேன், டம்ளர எடுக்க ஒரு வாட்டி வந்தேன். ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கினு வாயத் தெறக்காம உக்காந்துகினு இருந்தீங்க. இந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி ஊத்துது, நீ தலைய தலைய ஆட்டிக்கினு இருக்கற. என்னாம்மான்னு கூப்ட்டேன், ரெண்டு பேரும் திரும்பல. ஏதோ சண்டை போலன்னு போய்ட்டேன்."

அவள் வந்தது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் கஞ்சி குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

நீங்கள் இப்போது என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். எனக்கு ஜுரம், சரி. சுபத்ராவுக்கு ஜுரம் இல்லையே. அடுத்த வாரம் நாங்களே சோதித்துப் பார்த்தோம். அதே கட்டில், அதே மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன நினைக்கிறேன் சொல் என்றாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்து, உன் நைனாவை என்றேன். "இல்லை, பெசரட்டு" என்றாள், பச்சைப்பயறு தோசை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை முயன்றோம், ஒன்றும் நடக்கவில்லை. மற்ற எல்லாரையும் போல ஒவ்வொரு சொல்லாகத்தான் நான் தெலுங்கு கற்றுக்கொண்டேன், அவள் என் எழுத்துகளுக்குத் தலைக்கட்டு போட்டுக்கொண்டே இருந்தாள்.

நைனாவுக்குக் கடுதாசி போட்டேன். தேசம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் நான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை, நைனாவே வந்தார். ஒரு பை வறுத்த கடலையோடு ஹாஸ்டல் வாசலில் நின்று, "நீ வராத. அவ இஸ்கோலுக்குப் போய்க்கினுதான் இருக்கறா. சோறு நானே ஆக்கிக்கிறேன்" என்றார். அவர் உள்ளங்கையில் சூடு பட்ட கொப்புளம் இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

எனக்கு விஜயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தபோது தேசம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன். அவள் நர்ஸாக ஓய்வு பெற்றாள். சுபத்ரா தன்னைப் பெண் கேட்டு வந்தவரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லி, அவர் சரி என்ற பிறகே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். நாங்கள் கடைசிவரை பழகினோம், தெலுங்கில்தான். என் வீட்டில் வந்து தங்குவாள், என் பிள்ளைகள் தமிழில் ஏதாவது சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் மொழிபெயர்க்க வேண்டும். அறுபது வருஷத்தில் ஒரு தமிழ்ச் சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவள் மகள் மதனபள்ளியிலிருந்து போன் பண்ணினாள், அம்மா போய்விட்டாள் என்று. அழுது முடித்த பிறகு கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். பேச்சு நின்றுபோய், கடைசி இரண்டு நாளும் ஒரே ஒரு சொல்தானாம். வாசலைப் பார்த்தபடி கன்னு, கன்னு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். தெலுங்கில் அதற்குக் கண் என்றுதான் அர்த்தம், விழி. புரை எடுத்த கண் வலிக்கிறது போல என்று இவர்கள் மருந்து விட்டிருக்கிறார்கள். விட விட அவள் கையைத் தள்ளிவிட்டுச் சிரித்தாளாம்.

எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெறும் கண்வலியாகவேகூட இருந்திருக்கலாம்.

"எந்தக் கண் வலித்ததோ தெரியவில்லை அத்தம்மா, இரண்டிலும் விட்டோம்" என்றாள்.

"நல்லது செய்தீர்கள்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.