வெங்கிட்டு சாமி திருத்திய தலைப்பு

"இவனுக்கெல்லாம் தமிழ் யாருடா சொல்லிக்குடுத்தா? அவனைக் கொண்டா இங்க!"

மட்டாஞ்சேரியில் யூசுப்பின் சாயாக்கடைக்குத் தமிழ்ப் பேப்பர் வந்து விழுந்ததும் வெங்கிட்டு சாமி இப்படித்தான் ஆரம்பிப்பார். மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கடைக்கு வரும் தமிழ்நாட்டுச் சுமைதூக்கும் பையன்களுக்கு மலையாளம் சரளம், தமிழ் எழுத்து தகராறு. அதனால் ஊர்ச் செய்தியைச் சாமிதான் சத்தமாக வாசிப்பார். வாசிப்பார் என்பது மரியாதைக்கு. தலைப்பை வாசிப்பார், மூக்கால் ஒரு சத்தம் விடுவார், சிவப்புப் பேனாவால் திருத்துவார், எழுதினவன் வம்சத்துக்கே அர்ச்சனை செய்வார். உடனே அடுத்த தலைப்பு.

"'கள்ளநோட்டு வாலிபரைப் பிடித்த போலீசார் சிறையில் அடைப்பு.' உள்ள போனது யாருடா? போலீசா, கள்ளனா?"

விடை கீழே செய்தியில் இருக்கும். அங்கே அவர் கண் இறங்கியதே இல்லை.

போன மாதம் சங்கரன்கோவிலில், அந்தப் பையன்களில் ஒருவனான இசக்கிதுரையின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் இவன் ஒருத்தன்தான். முந்தின நாள் காலை, பெட்டியும் கையுமாகச் சாயா குடிக்க வந்தான். பேப்பரில், 'இன்று பஸ் ஸ்டிரைக் இல்லை சங்கம் மருப்பு'.

சாமி துள்ளினார். "மருப்பா? யானைக் கொம்பாடா அது? மறுப்பு!" ரு-வை அடித்து று-வாக்கினார்.

"ஸ்டிரைக் உண்டா, இல்லையா சாமி?"

"இல்லேன்னதை மறுக்கறான். அப்போ உண்டுன்னு அர்த்தம். தமிழ் தெரியாதோ நோக்கு?"

இப்படிக் கேட்டபின் எவன் வாய் திறப்பான்? இசக்கிதுரை பெட்டியோடு அறைக்குத் திரும்பினான். அன்றைக்குப் பஸ்கள் எல்லாம் ஓடின. மறுநாள் குழந்தை யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து அலறியது. அக்கா அதற்குப் பிறகு இவன் போனை எடுப்பதில்லை.

நேற்று அந்தப் பழைய பேப்பரைக் கொண்டுவந்து இசக்கிதுரை சாமி முன்னால் விரித்தான்.

"கீழ மொத வரியே 'பஸ்கள் வழக்கம்போல் ஓடும்'னுதான் போட்டிருக்கு சாமி. நானே எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டேன். எங்க அக்கா மூஞ்சில இனி எப்படி முழிப்பேன்? ஒரு வரி கீழ எறங்கி வாசிச்சா உங்க கண்ணு அவிஞ்சா போவும்?"

கடையே சிரித்தது. சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து யூசுப் சாயா ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

"தலைப்பு போட்டவனே கீழ இருக்கற செய்திய வாசிக்கலேடா! மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறவனுக்கு இல்லாத பொறுப்பு, ஓசில வாசிக்கற நேக்கு மட்டும் எதுக்குடா?"