வெறும் அலங்காரம்

அழகான இணையத்தளம் என்று யாராவது எதையாவது காட்டினால் நான் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். கைப்பேசியில் திரையை வாசித்துச் சொல்லும் வசதியைப் போட்டுக் காதால் கேட்டுப் பார்ப்பேன். பாதித் தளங்கள் அங்கேயே பல்லை இளித்துவிடும். இந்தப் பழக்கம் என் அண்ணனால் வந்தது. என் தோழிக்கும் இதே பழக்கம் இருந்தது. அவள் செய்த காரியத்தை ஒன்றும் தெரியாதவள் செய்திருந்தால் நான் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அவளும் நானும் ஜாசின் என்ற சின்ன ஊரில் ஒரே வகுப்பு, ஒரே பஸ். படிப்பு முடிந்ததும் குருபோங் தொழிற்சாலை ஒன்றில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அங்கிருந்து சேர்ந்தே விலகி, இணையத்தளம் செய்து கொடுக்கிற தொழிலில் இறங்கினோம். ஆயர் குரோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எங்கள் அலுவலகம். பூக்கடை, கார் பட்டறை, கல்யாணச் சமையல் என்று நம் ஆட்களின் தளங்கள்தான் அதிகம். "ரெட்டைப் பிள்ளைங்க" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

எங்கள் பிழைப்பு ஒரு மென்பொருளை நம்பி ஓடியது. திரையில் பெட்டி பெட்டியாக இழுத்து வைத்துப் பக்கத்தை அமைத்தால் போதும். பின்னணியில் அதுவே கணினிக்கான குறிமுறையை எழுதிக்கொள்ளும். தலைப்பு என்றால் தலைப்பு, பத்தி என்றால் பத்தி, பொத்தான் என்றால் பொத்தான் என்று, உலகம் ஒத்துக்கொண்ட விதிகளின்படி சுத்தமாக எழுதும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எழுத்து பெரிதாக இருந்தால் அது தலைப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். காதுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

படம் வைத்தால் அந்த மென்பொருள் சும்மா விடாது. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லும். எழுதாவிட்டால் சிவப்புக் குறி போட்டு நச்சரிக்கும். என் மாமியார்கூட என்னை அவ்வளவு நச்சரித்ததில்லை. வாய்விட்டு வாசிக்கும் குரலுக்கு அந்த விளக்கம்தான் படம். பூ, கோலம் மாதிரி சும்மா அழகுக்கு வைத்த படம் என்றால், 'வெறும் அலங்காரம்' என்று குறிக்க ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைத் தட்டிவிட்டால் நச்சரிப்பு நின்றுவிடும். வாசிக்கும் குரலும் அந்தப் படத்தை அப்படியே தாண்டிப் போய்விடும். அங்கே ஒரு படம் இருக்கிறது என்றுகூடச் சொல்லாது.

அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. குருபோங்கில் அண்ணியோடு இருக்கிறார். அண்ணி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். பார்வை போனது அண்ணனுக்குத் துக்கம்தான். ஆனால் அவரை அதைவிட அதிகமாகக் குடைந்தது, ஒவ்வொன்றுக்கும் அடுத்தவர் வாயைப் பார்த்து நிற்பது. "யாராச்சும் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்னா, அப்புறம் நான் என்னா ஆளு?" என்று ஒருமுறை கேட்டார்.

நாங்கள் பிறந்த செம்பனைத் தோட்டம் வேறு கைக்கு மாறி, ஜனம் ஜாசினுக்கும் குருபோங்குக்கும் ஆயர் குரோவுக்கும் பிரிந்துவிட்டது. கோயிலையும் ஆட்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரு தளம் செய்யலாம் என்று தோழிதான் சொன்னாள். "அண்ணன் தானா கேட்டுத் தெரிஞ்சிக்கிற மாதிரி செய்வோம் லா" என்றாள். திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில் வரும். முக்கியமாகச் சாவுச் செய்தி வரும்.

சாவுச் செய்தி ஏன் முக்கியம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளலாம். சாவுக்கு அழைப்பு கிடையாது. காதில் விழுந்ததும் கிளம்ப வேண்டும். வராதவனை யாரும் 'தெரியாமல் இருந்திருக்கும்' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

தளத்தைச் செய்த அந்த நாட்களில் தோழி குருபோங் வீட்டிலேயே பழியாகக் கிடந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் கண்ணை மூடிக்கொண்டு, இருவரும் கைப்பேசியைக் கேட்பார்கள். "அண்ணே, எனக்கே புரியல. உங்களுக்கு எப்படிப் புரியும்? இருங்க, மாத்திட்டு வரேன்" என்று எழுந்து வந்து திருத்துவாள். கைப்பேசியின் தமிழ்க்குரல் எங்கள் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்பும்போது இருவரும் சிரிப்பார்கள். அண்ணி பொரித்து வைத்த மீனில் பெரிய துண்டு அவளுக்குத்தான் போகும். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தளம் வந்த பிறகு அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். காலையில் கோப்பி குடித்துக்கொண்டே அதைக் கேட்பார். யாராவது தவறியிருந்தால் அவர்தான் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார். "உனக்குத் தெரியாதா? நான் காலையிலேயே கேட்டுட்டேன்" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். சங்கத்தின் வாட்ஸாப் குழுவை அவர் அமைதியாக்கி வைத்திருந்தார். அதில் எல்லாமே போஸ்டராக வரும். குரல் 'படம், படம், படம்' என்று மட்டும் சொல்லும். அவருக்கு அது தேவையும் இல்லை.

பிறகு சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். அவருக்குத் தளம் பிடிக்கவில்லை. வெறும் எழுத்தாக இருக்கிறதாம், களையே இல்லையாம். எல்லாம் போஸ்டராக வேண்டும் என்றார். நம் ஊரில் போஸ்டர் என்றால் தெரியுமே: நடுவில் சாமியோ மாப்பிள்ளையோ பிணமோ இருக்கும், சுற்றிலும் செயலவை உறுப்பினர்களின் முகங்கள், மூலையில் பெரியதாகத் தலைவர் கையைக் கூப்பிக்கொண்டிருப்பார். போஸ்டர் போடுவதானால் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போட வேண்டும் என்று நான் தோழியிடம் சொன்னேன். "நான் பார்த்துக்கிறேன், நீ கவலைப்படாதே" என்றாள். நான் கவலைப்படவில்லை. அவளிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் ஈப்போவில் என் வீட்டுக்காரர் பக்கத்துக் கல்யாணம். குடும்பத்தோடு போய்வந்தோம். அந்தச் சந்தடியில் சங்கத்தின் குழுவை நான் திறந்தே பார்க்கவில்லை. வந்த மறுநாள் காய்கறி வாங்க ஜாசின் பாசாருக்குப் போனேன். தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா கீரைக் கட்டோடு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உங்க அண்ணன் கடைசி வரைக்கும் வரவே இல்லியே. அப்படி என்னா லா கோவம்? செத்தவன்கிட்டயுமா கோவிப்பாங்க?"

யார் செத்தது என்று கேட்டேன். அக்கா சொன்னது அண்ணனின் கூட்டாளியை. ஒரே லோரியில் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டியவர்கள். பார்வை போன புதிதில் அண்ணனைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் அவர்தான். சனிக்கிழமை விடிவதற்குள் போய், ஞாயிற்றுக்கிழமை எரித்தும் ஆகிவிட்டது. அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவருக்கு யாரு சொல்லணும்? எல்லாருக்கும் முன்னால தெரிஞ்சி வச்சிருக்கிறவராச்சே அவரு" என்றார் அக்கா.

காரில் உட்கார்ந்து கைப்பேசியில் தளத்தைத் திறந்தேன். அறிவிப்பு இருந்தது. மாலை போட்ட படம், பிறப்பு, இறப்பு, எரிக்கும் நேரம், மூலையில் இரங்கல் தெரிவிக்கும் தலைவர். எல்லாம் ஒரே படமாக இருந்தது. கீழே ஒரு வரி எழுத்துகூட இல்லை. விளக்கமாவது எழுதியிருப்பாள் என்று நம்பி, வாசிக்கும் குரலைப் போட்டேன். அது தளத்தின் பெயரைச் சொன்னது, திருவிழா, தொடர்புக்கு என்று சொன்னது, முடிந்துவிட்டது. படம் என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மென்பொருளைத் திறந்து பார்த்தேன். போஸ்டரைத் தட்டினேன். வெறும் அலங்காரம் என்ற கட்டத்தில் குறி இருந்தது. அதற்கு முந்தைய போஸ்டரிலும் இருந்தது, அதற்கும் முந்தையதிலும் இருந்தது. விளக்கம் எழுத மறந்துபோனால் சிவப்புக் குறி இருக்கும், படம் என்றாவது குரல் சொல்லும், அண்ணன் சந்தேகப்பட்டு யாரையாவது கேட்டிருப்பார். இது மறதி இல்லை. அந்தக் கட்டம் என்ன செய்யும் என்று தெரிந்து, கையால் தட்டிய வேலை. அந்த மென்பொருளைத் திறக்கிற உரிமை எங்கள் இருவருக்கு மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கேட்காமலேயே ஒரு கோப்பை தே போட்டு வைத்தாள்.

"தலைவர் பக்கத்துல உக்காந்து பார்க்கிறாரு லா. செவப்புக் குறி வந்துக்கிட்டே இருக்கு. வெப்சைட் ரோசாக் ஆயிடுச்சா, கெட்டுப்போச்சாங்கிறாரு. நான் என்னா செய்யிறது?"

"ரெண்டு வரி எழுதுறது. வேற என்னா செய்யிறது?"

"ஒரு போஸ்டர்ல எத்தனை பேரு! ஒருத்தர் பேரை விட்டா சண்டைக்கு வராங்க. எல்லாத்தையும் எழுதிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"செத்தவர் பேரும் நேரமும் எழுதினா போதாதா? சாவு ஒனக்கு அலங்காரமா?"

எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. அண்ணனைப் பற்றிய நினைப்பே வரவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், அழுது சண்டை போட்டுவிட்டு, எப்படியோ ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்டேன்.

"குறி போடும்போது அண்ணனை நெனைச்சியா?"

"நெனைச்சேன்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஒரே ஒரு ஆளு லா. மத்தவங்க எல்லாரும் கண்ணால பார்க்கிறாங்க. அண்ணனுக்கு யாராச்சும் போன் பண்ணிடுவாங்கன்னு நெனைச்சேன்."

"நீ பண்ணியா?"

அதற்கு அவள், இப்போதே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிவிடுகிறேன் என்று மடிக்கணினியை எடுக்கப் போனாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த இடத்தில் விதை தூவக் கிளம்பியது. நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே காரை ஓட்டினேன். அவள் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்து வந்து எரிந்தது. அதெல்லாம் நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். நடிப்பாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணனிடம் கூட்டாளி போய்விட்டார் என்பதை மட்டும் சொன்னேன். அவர் சட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான்தான் ஜாசினுக்குக் கூட்டிப் போனேன். இறந்தவரின் மனைவி "வாங்க" என்றார். உட்காருங்க என்று சொல்லவில்லை. அண்ணன் படம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு, தனக்குத் தெரியாது, தினமும் கேட்கிற கைப்பேசியில் இந்த முறை வரவில்லை என்று சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாக்காகக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது.

"போன் சொன்னாத்தான் வருவீங்களாண்ணே?" என்று கேட்டார் அந்தம்மா. "போறதுக்கு முன்ன அவரு ரெண்டு நாளா ஒங்களைத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு."

அண்ணன் என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கார் குருபோங் நெருங்கும்போது, வெப்சைட்டில் என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு இல்லை, போஸ்டரை அலங்காரம் என்று குறித்துவிட்டாள் என்றேன். அப்படிக் குறித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

"குறிச்சா எனக்குக் கேக்காதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இவரிடம் இதுவரை மறைத்தது போதும். "தெரியும்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"சனிக்கிழமை காலையிலயும் கேட்டேன்மா. ரெண்டு தடவை கேட்டேன். ஒன்னுமே சொல்லல. நல்லவேளை, நம்ம ஆளுங்க யாருக்கும் ஒன்னும் ஆகலன்னு சந்தோஷமா இருந்துச்சு."

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அந்த வெப்சைட்டை இதுலேர்ந்து எடுத்துடு. இனிமே யாரு செத்தாலும் நீயே வந்து எனக்குச் சொல்லிடு."