எல்லாரும் தளபதி ஆன காலை

செல்லப்பிராணி மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருபவளை எல்லாரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் அவள் ஜாவா என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கியபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"நான் தூங்கி வழிஞ்ச பாடத்த நீ ஆசைப்பட்டுப் படிக்கிறியேம்மா!" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"படிக்கட்டும். அந்த ஜாவாவே அடுப்பையும் பத்தவெச்சா சரி" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"தீப்பெட்டி இருக்கற எடம் உங்களுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

பாடம் சட்டென்று பிடிபட்டது. கிளாஸ் என்பது 'விலங்கு' என்கிற பொது வரையறை: பெயர் இருக்கும், எடை இருக்கும். ஆப்ஜெக்ட் என்பது வாசலில் நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிற அந்த ஒரு நாய். விலங்கிலிருந்து நாய், பூனை, பறவை என்று கிளை பிரித்தாள். பொதுவானதெல்லாம் மேலிருந்து தானாக வந்துவிட, மருந்தளவைக் கணக்கிடும் வழியை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதினாள். எடையை பிரைவேட் ஆக்கி, யாரும் நேரே கைவைக்க முடியாதபடி பூட்டினாள். பூனைக்கு நானூறு கிலோ என்று யாராவது தட்டினால் நிரலே முறைக்கும்.

மருத்துவமனைப் பதிவுக்கென்று எழுதிய அந்த நிரலைக் காட்டியபோது டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கம்பெனி நச்சரிச்சிட்டே இருக்காங்க. சாஃப்ட்வேரும் அவங்களே தர்றாங்களாம், அதுல உக்கார்ற ஆளும் அவங்களே. நாளைக்குக் காலைல உங்களோடத ஓட்டிப் பாப்போம். சரியா வரலைன்னா அவங்களத்தான் கூப்பிடணும்."

அதாவது அவள் நாற்காலிக்கே வேட்டு.

"வரும் டாக்டர்" என்றாள்.

மறுநாள் மிளகு என்ற பூனை, சிங்காரம் என்ற நாய், தளபதி என்ற கிளி, மூன்றையும் பதிந்தாள். நாயை உள்ளே அனுப்பி, அதன் விவரத்தை டாக்டரின் திரையில் வரவைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க" என்று டாக்டரம்மாவின் குரல் வந்தது. "நாய், பேரு தளபதி, எடை நூறு கிராம்னு வருது. மேசை மேல இருக்கறத என்னால தூக்கவே முடியல."

"சிங்காரத்துக்கு எப்ப டாக்டர் றெக்க மொளச்சுது?" என்று நாயைக் கொண்டுவந்த பெயின்டர் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

அவள் வெளியே ஓடிப் பூனையைத் திறந்தாள். பூனையும் தளபதி, நூறு கிராம். ஆனால் நாய் நாயாகவும் பூனை பூனையாகவும்தான் வருகின்றன. பெயரும் எடையும் மட்டும் கடைசியாக வந்த கிளியுடையவை. ஆக, மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே எடை. கடைசியில் எழுதியது எல்லாருக்கும். அங்கேயே புரிந்துவிட்டது. எழுதும்போது பிழை காட்டும் சிவப்புக் கோடுகள் வந்து தொல்லை கொடுத்தன என்று, பெயருக்கும் எடைக்கும் முன்னால் ஸ்டேட்டிக் என்று போட்டு அவற்றின் வாயை அடைத்திருந்தாள். ஸ்டேட்டிக் என்றால் அது கிளாஸுக்கே சொந்தம், தனித்தனி விலங்குக்கு இல்லை. வீட்டுப் பூனை ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்ததால் குட்டு வெளிப்படவே இல்லை.

"கையால எழுதிக்கலாமா?" என்று டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"வேணாம் டாக்டர், என்னன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த நாய்க்கு மட்டும் அளவ நீங்களே போட்டுக்கங்க. நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள சரியாயிடும்."

ஸ்டேட்டிக்கைத் தூக்கினாள். சிவப்புக் கோடுகள் திரும்பி வந்தன. இந்த முறை அவற்றை நிதானமாகப் படித்தாள். யாருடைய பெயர், யாருடைய எடை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரியிலும் அந்தந்த ஆப்ஜெக்டைச் சொன்னாள், அடங்கின. நிரலை நிறுத்தியதில் பதிந்ததெல்லாம் போய்விட்டதால் மூன்றையும் மறுபடி பதிந்து, பூனையை முதலில் திறந்தாள். மிளகு. நாய், சிங்காரம். அதற்குப் பிறகுதான் விவரங்களை டாக்டரின் திரைக்கு அனுப்பினாள்.

மதியம்வரை ஒரு விலங்கும் பெயர் மாறவில்லை. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்: "இனிமே தப்பு வராதுன்னு எப்படி நம்பறது?"

"இந்தத் தப்பு வராது டாக்டர். வேற ஏதாவது வரும். வந்தா நான் பக்கத்துலயே இருக்கேன். கம்பெனின்னா போன் போட்டுக் காத்துக் கெடக்கணும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப வர வேணாம்னு நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுங்க."

அவள் சொல்லிவிட்டு போனை வைத்தபோது, மேசைக்கு எதிரே ஒருவர் தொட்டியில் வைத்த ஆமையோடு நின்றார். நிரலில் ஆமை கிடையாது.

"உக்காருங்க சார்" என்றாள். "இவருக்கு ஒரு கிளாஸ் எழுதிட்டு டோக்கன் தர்றேன்."