கால் அறுத்த பீரோ

பழைய மரச்சாமான் எதையாவது காட்டி, "இதுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பதில் முன்கூட்டியே தெரியும். அதை நம் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் தட்டு கழுவினேன். பிறகு லாரியில் கிளீனர். அந்த லாரி ஒரு நாள் பாண்டிச்சேரியில் என்னை இறக்கிவிட்டு, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டது. அங்கேயே ஒரு பழைய மரச்சாமான் கிடங்கில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருந்தேன். படுக்கையும் அங்கேதான், விற்காத கட்டில்களின் மேல்.

பொருளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு மாற்றலாம். முதுகுப் பலகையையும் அடிப்பக்கத்தையும் யாரும் தொடுவதில்லை. கையால் அறுத்த பலகையில் ரம்ப வாளின் கோடுகள் ஏறுமாறாக இருக்கும். மெஷினில் அறுத்தது சீப்பால் வாரியது போல் இருக்கும். இரண்டாவது பாடம், இதையெல்லாம் பொய்யாகவும் செய்யலாம் என்பது. புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, டீத்தண்ணீர் பூசி, ஆணியைத் துருப்பிடிக்க வைத்து நானே எத்தனையோ அலமாரிகளுக்கு நரை வரவழைத்திருக்கிறேன். எங்கள் முதலாளிக்கு நூறு வருஷத்துக்குக் குறைந்து வயது சொல்ல வராது.

அங்கிருந்து விருத்தாசலம் வந்து, ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்கும் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஈரத் துணியால் விளிம்பு துடைக்கும் பகுதியில் ஓர் அக்கா இருந்தார். அவர் கணவரும் அதே கம்பெனியில் இருந்தவர்தான். அந்த வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கருமாதி முடிந்த மறுநாள் அக்கா சூளைப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பாண்டிச்சேரில பழைய சாமான் கடைல இருந்தியாமே?"

"ஆமாக்கா."

"எங்க வூட்டுல ஒரு பீரோ இருக்குது. அது எங்க அம்மா வூட்டுச் சீரு. எங்க பெரிய மாமா இல்லங்கறாரு. வந்து பாத்துச் சொல்லேன்."

பெரிய மாமா என்றது கணவரின் அண்ணனை. வீடு அவர் பெயரில் இருந்தது. பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு அக்கா போகப்போகிறார். பாத்திரம் வேண்டாம், கட்டில் வேண்டாம், அந்த பீரோ ஒன்றுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதையும் தரமாட்டேன் என்கிறார் அந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் தெருப் பெரியவர்கள் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் பெரிய மாமா. சமையற்கட்டு வாசலில் அவர் மனைவி. அக்காவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. பீரோவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கதவு, கீழே இரண்டு இழுப்பறை, தேக்கு. இழுப்பறைகளில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள்.

"இவன்தான் வல்லுநரா?" என்றார் பெரிய மாமா. "பரோட்டாக் கடையில இருந்த பயதான?"

"அங்கயும் இருந்தேங்க."

"பாரு, நல்லாப் பாரு. இந்தக் குமிழு எங்க செஞ்சது? நம்ம ஊருச் சாமான். எந் தம்பி கம்பெனிலேர்ந்து எடுத்தாந்து மாட்டுனது. ஒண்ணா மண்ணா இருந்தப்ப இந்த வூட்டுல செஞ்ச பீரோ இது. பொதுச் சொத்து."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். இந்த ஊரில் இது ஒரு பழக்கம். பீங்கானைப் பார்த்ததும் எந்தச் சூளை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார்கள். பீங்கான் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்கும் அதே வயது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

நான் ஒரு குமிழைத் திருகிக் கழற்றினேன். அதற்கு இரண்டு பக்கமும் மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்த பழைய துளைகள் இருந்தன. முன்பு பித்தளைக் கைப்பிடி தொங்கிய இடம். அது ஆடி ஆடித் தேய்த்த பிறை வடிவத் தடமும் வார்னிஷுக்கு அடியில் தெரிந்தது. இழுப்பறையை உருவிப் பார்த்தேன். மூலையில் பல் கோத்தது போன்ற இணைப்பு; ஒவ்வொரு பல்லும் ஒவ்வோர் அளவு. முதுகில் அகலமான ஒற்றைப் பலகைகள், கைவாளின் கோணல் கோடுகளோடு. இங்கே யாரும் டீத்தண்ணீர் பூசவில்லை.

"குமிழ் அப்பறமா மாட்டுனதுங்க. பீரோ ரொம்பப் பழசு. இந்த அக்கா பொறக்கறதுக்கு முந்தியே செஞ்சது" என்றேன்.

அக்காவின் முகம் சட்டென்று இருண்டது. எனக்குக் காரணம் புரியவில்லை. பெரிய மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? பழசாம்! சீருக்கு எவனாவது பழைய பீரோ குடுப்பானா? அப்ப இது எங்க தாத்தா காலத்துது!"

ஒரு நிமிஷம் முன்பு தம்பி காலத்து பீரோ. இப்போது தாத்தாவின் பீரோ. அந்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்காவது சிரிப்பு வர வேண்டுமே! மறுபடியும் தலையாட்டினார்கள். "சீருன்னா புதுசாத்தான வெப்பாங்க" என்றார் ஒருவர். புதிதென்றால் அவர்களுடையது, பழையதென்றாலும் அவர்களுடையது. இதற்கு நான் எதற்கு வந்தேன், பீரோவின் முதுகு வரை எதற்குப் பார்த்தேன்?

அக்கா பேச ஆரம்பித்தார். குரல் உயரவில்லை.

"பழசுதான். எங்கப்பா பாண்டிச்சேரில ஏலத்துல எடுத்தாரு. புதுசு செய்ய வக்கில்ல. பாலிஷ் போட்டுப் புதுசுன்னு சொல்லித்தான் அனுப்புனாரு. இழுப்பற கைப்புடி காட்டிக்குடுத்துருமின்னு இவங்க தம்பிதான் குமிழு மாத்துனாரு. எங்கப்பா மானம் போவக் கூடாதுன்னு அவரும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. இன்னிக்கி நாலு பேரு முன்னால சொல்ல வெச்சிட்டீங்க."

"அதெல்லாம் கத" என்றார் பெரிய மாமா.

நான் பீரோவை மெல்லச் சாய்த்தேன். அடியைப் பார்க்காமல் விட்டிருந்தேன். நான்கு மூலையிலும் கால்கள் இருந்திருக்கின்றன. ஒரே மட்டத்துக்கு அறுத்திருந்தார்கள். அறுத்த முகம் மற்ற மரத்தைப் போல் கறுக்கவில்லை. பீரோ செய்து வெகு காலத்துக்குப் பிறகு அறுத்தது.

"காலு எங்கக்கா?"

"வாசப்படி குட்டை. கல்யாணத்தன்னிக்கி பீரோ நுழையல. நான் மாலையோட வெளிய நிக்கறேன், இவங்கப்பா ரம்பம் எடுத்தாரச் சொல்லி அறுத்தாரு." சமையற்கட்டுப் பக்கம் கை காட்டினார். "அந்தா, நெல்லு மூட்டைக்கு அண்டை குடுத்திருக்குதே."

உள்ளே போய்ப் பார்த்தேன். நெல் மூட்டைகள் அடுக்கிய பலகைக்கு அடியில் நான்கு கடைசல் கால்கள், கரையான் ஏறாமல் இருக்க. எத்தனை வருஷமாக எல்லாரும் அவற்றைத் தாண்டிப் போய்வந்திருப்பார்கள்! ஒன்றை நெம்பி எடுத்து வந்து பீரோவின் அடியில் பொருத்தினேன். மரத்தின் ரேகை இங்கே விட்ட இடத்தில் அங்கே தொடர்ந்தது.

"தாத்தா காலத்துலேர்ந்து உள்ள இருந்த பீரோவுக்கு எதுக்குங்க கால அறுக்கணும்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"ஆமா. அன்னிக்கி ரம்பத்த ஒரு பக்கம் நான்தான் புடிச்சேன்."

"அப்ப இவ்ளோ நேரம் ஏங்க சொல்லல?" என்று கத்தியேவிட்டேன்.

"என்ன யாரும் கேக்கலையேப்பா."

மூன்று பேருமே அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். பீரோ தெருவில் வந்து இறங்கியதை மூன்று பேருமே பார்த்தவர்கள். ஒரு பெண் 'இது என்னுடையது' என்று சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. மரம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்த மரத்தையும் ஓர் ஆம்பளை தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய மாமா சட்டையை உதறிக்கொண்டார். "சரி, சரி. புருசன எழந்தவ. பாவம், எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

"பெரிய மனசு" என்றார் ரம்பம் பிடித்தவர்.

நான் பீரோவைத் தூக்கக் குனிந்தேன். அக்கா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"பாவம்னு குடுக்காதீங்க மாமா. உன்னுதுன்னு சொல்லுங்க."

பெரிய மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"தூக்கு தம்பி" என்றார் அக்கா.

வாடகைக்கு அமர்த்தியிருந்த குட்டி யானை வண்டியின் டிரைவரும் நானுமாக பீரோவை ஏற்றிக் கயிறு கட்டினோம். திரும்பிப் பார்த்தால் அக்கா உள்ளே போய் நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். நானும் போய்க் கைகொடுத்தேன். பலகையைச் சாய்த்து, மிச்சமிருந்த மூன்று கால்களையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். நான்காவது என்னிடம் இருந்தது.

"அடியே, மூட்டைய நான் எங்கடி வெக்கறது?" என்று பெரிய மாமாவின் மனைவி கத்தினார்.

"தரையில வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியில் ஏறினார்.