‘zh’ என்றால் ழவா, ஜவா?

இணையத்தில் என்னோடு யாரோ புதிதாக உருவாக்கிய ஒரு கற்பனை மொழி கற்கும் ஷாலினியை இன்று அல்சூரில் ஒரு ஹோட்டலில் முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

இத்தனை நாளும் அந்த மொழியை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் அரட்டை அடித்தோம். அதில் வணக்கத்துக்கு zhana.

ஆசையாக, “ழானா!” என்றேன்.

விழித்தாள். “ஏய், அது ஜானா இல்லியா?”

“தமிழ்னு எழுதறப்போ zhதானே போடறோம்?”

“அந்த மொழிய உண்டாக்கினவருக்குத் தமிழ் தெரியுமா என்ன?”

தோசை ஆறும்வரை சண்டை. சர்வர் சிரித்துக்கொண்டே, “இது எந்த பாஷே மேடம்?” என்றார்.

“இன்னும் முடிவாகல அண்ணா,” என்றாள் ஷாலினி.

கடைசியில் சமாதானமானோம். இனி வணக்கமே கிடையாது, நேராக “சாப்ட்டியா”தான்.

ழ கட்சிக்காரர்கள் கை தூக்குங்கள். ஜ கட்சிக்காரர்கள் சத்தம் போடாதீர்கள், அவளும் இதைப் படிப்பாள்.