தலைக்கு மேலே வௌவால்கள்

குகை வழிகாட்டி வேலையில், உள்ளே போன தலை எத்தனையோ அத்தனையும் வெளியே வந்துவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது. ஈப்போவை ஒட்டிய சிலிபினிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் காம்பார் பக்கம் போய், சுண்ணாம்புக்கல் குகை ஒன்றுக்குள் ஆட்களை அழைத்துப்போவது என் பிழைப்பு. “வௌவால் ரத்தம் குடிக்குமாக்கா?” என்ற ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இருபது தடவை சிரித்த முகத்தோடு பதில் சொல்கிறேன். இந்த மாதிரி வேலையில் நீங்களும் இருந்தால் என் கஷ்டம் புரியும்.

பையில் வந்த திருடன்

காம்பாரில் டுரியான் பழத்தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையைக் குகை வாசலில் இருந்த என் மேசைமேல் வைத்தார். உள்ளே செத்த வௌவால். “இந்தத் திருடனுங்க வந்து என் பூவையெல்லாம் தின்னுட்டுப் போறானுங்க. வலை கட்டிப் புடிச்சேன். உங்க குகையிலேருந்துதான் வருது, புகை போட்டு விரட்டுங்க லா” என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். மூக்கு, நெற்றி, கழுத்து ரோமம் எல்லாம் மஞ்சள் தூள். “இது டுரியான் பூவோட மகரந்தம்ண்ணே. தேன் குடிக்க மரத்துக்கு மரம் போவுதுல்ல, அப்ப இதையும் சுமந்துகிட்டுப் போவுது. அதனாலதான் காய் புடிக்குது.”

அவர் நம்பவில்லை. குகைக்குள் அழைத்துப்போனேன். கூரையில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் மெல்ல அசைந்தது. கீழே பாறை முழுக்க மகரந்தம் கலந்த மஞ்சள் எச்சம், கோடு கோடாக. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்ததும் மகனுக்குப் போன் போட்டு வலையைக் கழற்றச் சொன்னார். பிறகு பையைக் கையில் எடுத்தார்.

“என் மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வந்தவன நானே கொன்னுட்டேனே தங்கச்சி.”

விழுந்த குட்டி

குட்டி போடும் காலத்தில் உள்ளறைக்கு ஆட்களை விடமாட்டோம். ஒருநாள் காலை பாதையைப் பார்த்து வர நானும் உடன் வேலை செய்யும் செல்வம் அண்ணனும் போனோம். ரோமமே முளைக்காத குட்டி ஒன்று தரையில் கிடந்தது. கரப்பான்பூச்சிகள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. அண்ணன் கையுறையோடு அதை எடுத்து, எட்டிய உயரத்தில் பாறையில் விட்டார். அது பற்றிக்கொண்டு, ஊசி குத்துவதுபோல் மெல்லிய குரலில் கத்தியது. மேலேயோ ஆயிரக்கணக்கில் ஒரே இரைச்சல். இதில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

வௌவால்களைக் கலைக்காத சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். தாய் வௌவால் ஒன்று இறங்கி வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று வந்தது. முகர்ந்தது. குட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டு கூரைக்குப் பறந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தன சத்தத்துல அதுக்குப் புள்ள குரல் தெரியுது, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில என் பொண்டாட்டி கூப்புட்டா எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது.”

பார்வையில்லாத ஆசிரியர்

ஈப்போவிலிருந்து மகளோடு வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. “அப்பாவுக்கு இங்க என்ன இருக்கு, வேணாம்னு சொன்னேன், கேக்கல” என்று மகள் என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

சாயங்காலம், வௌவால்கள் வெளியே கிளம்பும் நேரம், இருவரையும் வாசலில் நிறுத்தினேன். முதலில் நாலைந்து வந்தன, பிறகு ஆறுபோல் நிற்காமல் வந்தன. சிறகுக் காற்றில் அவர் நரைமுடி அசைந்தது. முகத்தை நிமிர்த்தி, உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். மகள் மேலே பார்ப்பதை விட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய மழைம்மா, ஒரு சொட்டும் கையில விழல.”

இத்தனை வருட அனுபவத்தில் நான் கற்றது, குகைக்குள் மேலே பார்க்கும்போது எச்சம் விழாமலிருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான், அது மட்டும் இன்றுவரை என்னால் முடியவில்லை.