அவள் முகத்துக்காக வாங்கிய கேமரா

கல்யாணமான நாற்பத்தோராம் நாள் நான் பினாங்குக்குக் கப்பலேறினேன். எங்கள் ஊர் முஸ்லிம் ஆண்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்று வருஷம் கடல்கடந்த சபர், பிறகு ஆறு மாதம் ஊர், மறுபடியும் சபர். பெண்டாட்டி அவள் தாய் வீட்டிலேயே இருப்பாள். என் வாப்பா அப்படித்தான் போனார், வந்தார். நானும் அப்படியே போய் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் ஒருநாள் கடையில் கைலி மடித்துக்கொண்டிருந்தபோது அவளை நினைத்தேன். முகம் வரவில்லை. குரல் வந்தது. "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டு மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கும் அவள் வழக்கம் வந்தது. வலது முழங்கையில் தோசைக்கல் சுட்ட தழும்புகூட வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பயந்துபோனேன். யாரிடம் சொல்வது? கடை மாடியில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் நாங்கள். பெண்டாட்டி முகம் மறந்துவிட்டது என்று ஒருவனிடம் சொன்னால் போதும், மறுநாள் கடை இருக்கும் சூலியா தெருவே சிரிக்கும்.

ஒரு படம் இருந்தால் இந்த வேதனை இல்லை. ஆனால் படம் எடுப்பது யார்? ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, எவனோ ஒருவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்ப்பதா? எங்கள் வீடுகளில் அது நடக்காது. நடந்தாலும் என் மனம் ஒப்பாது. சரி, நானே எடுத்தால்? கட்டினவன் பார்க்கலாமே! இந்த யோசனை வந்த நாளிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், கடிகாரமும் கேமராவும் பழுதுபார்த்து விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் என் கால்கள் தாமாக அங்கே போகும். கண்ணாடி அலமாரியில் தோல் துருத்தியோடு மடங்குகிற புதுக் கேமரா ஒன்று இருந்தது. அதை வாங்கினால் ஊருக்குக் கப்பல் சீட்டு வாங்க முடியாது. இருந்தும் நான்கு வெள்ளிக்கிழமை அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டேன். ஐந்தாம் வெள்ளிக்கிழமை தவுக்கேவுக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டிக் கேமராவை எடுத்து முன்னால் வைத்தார். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். மேலே புதுத் தோல் ஒட்டி, உள்ளே கண்ணாடி துடைத்து, பிலிம் சுருள் சுற்றும் சாவியையும் மாற்றி வைத்திருந்தார். காதருகே வைத்து விசையைத் தட்டினேன். 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கே வாங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். தலையைக் குனிந்து, பெட்டியின் மேலுள்ள சின்னக் கண்ணாடியில் ஆள் தெரிகிறதா என்று பார்த்து, மூச்சை அடக்கித் தட்ட வேண்டும். "மத்தாஹாரி இங்கே" என்று தவுக்கே தன் முதுகைத் தட்டிக் காட்டினார். சூரியன் எப்போதும் எடுக்கிறவன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மலாயில் மூன்று தடவை சொன்னார்.

எனக்கா வெளிச்சத்தைப் பற்றிப் பாடம்? நான் துணிக்கடைக்காரன். கடைக்குள் காட்டும் நிறத்தை எந்த வாடிக்கைக்காரியும் நம்ப மாட்டாள். "வெளியே கொண்டு வா, பார்க்கலாம்" என்பாள். கைலியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் வாசல் நடைபாதைக்கும் நாளெல்லாம் நடப்பதுதான் என் பிழைப்பு. அதனால் தவுக்கே சொன்னதற்கு, தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் சுருளைப் பினாங்கிலேயே எடுத்துப் பார்த்தேன். கடற்கரைத் திடல், பட்டர்வொர்த்திலிருந்து வந்து ஒதுங்கும் படகு, ஓய்ந்து உட்கார்ந்த ரிக்‌ஷாக்காரர். தவுக்கே கடையிலேயே கழுவக் கொடுத்தேன்; நடுப்பகல் வெயிலில் எடுத்த எட்டும் பளிச்சென்று வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தொழிலையா இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கென்று ஒரே ஒரு சுருள் வாங்கினேன். அதுவே தாராளம் என்று பட்டது.

நாகப்பட்டினத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தேன். அவள் கதவருகே வந்து நின்றபோது, ஆ, இதுதானே, இதையா மறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இனி விடக்கூடாது என்று மறுநாளே கேமராப் பெட்டியை எடுத்தேன்.

பின்கட்டு முற்றத்தில் நல்ல வெயில் இருந்தது. ஆனால் அடுத்த வீட்டுக் கூரையில் ஆட்கள் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும். அவள் முகத்தை நான் ஒருவன் பார்ப்பதற்காகத்தானே இத்தனை பாடும்? உள்ளறையிலேயே உட்காரவைத்தேன். சன்னலையும் பாதி சாத்தினேன். குனிந்து பார்த்தால் சின்னக் கண்ணாடியில் அவள் மங்கலாகத் தெரிந்தாள். எனக்கே தெரிகிறாள், கேமராவுக்குத் தெரியாதா என்ன!

"கொஞ்சம் நிமிந்து பாரு புள்ள."

"நான் நிமிந்துதான் இருக்கேன் மச்சான். நீங்கதான் குனிஞ்சுகிட்டு அந்தப் பெட்டியவே பாக்குறீங்க. என்ன எப்பப் பாக்கப் போறீங்க?"

சிரித்துக்கொண்டே ஏழு படம் எடுத்தேன். ஒன்றை மட்டும் அவசரத்துக்கு என்று மிச்சம் வைத்தேன். முகம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் மற்ற நாட்களை ஊர்ச் சோலியிலும் கல்யாண விருந்துகளிலும் செலவழித்தேன். அந்த ஆறு மாதத்தில் அவளை உட்கார்ந்து நன்றாகப் பார்த்த நேரம் ஒரு மணிகூடத் தேறாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்தேன். "அந்த மிச்சம் ஒண்ணு எனக்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு என் முகம் வேணும். எனக்கு உங்க முகம் வேணாமா?" என்றாள்.

அவளுக்கும் மறக்கும் என்பது அதுவரை என் புத்தியில் தட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. பெட்டியைக் கொடுத்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினேன். "வெயில் எடுக்கிறவங்க முதுகுல இருக்கணும்" என்று தவுக்கேயின் பாடத்தையும் பெருமையாகச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் தடுப்பதற்குள் முற்றத்தில் இறங்கிவிட்டாள். ஓடு மாற்றும் ஆட்கள் வேலை முடித்துப் போயிருந்தார்கள். சாய்ந்த வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, "சிரிங்க மச்சான்" என்றாள். 'டக்' என்றது. சுருள் தீர்ந்தது.

பினாங்கு வந்து இறங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. படத்தைக் கழுவ ஒருவர் வேண்டுமே! அவர் பார்ப்பாரே! இரண்டு வாரம் சுருளைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தேன். கடைசியில் தவுக்கேயிடமே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கழுவுவதெல்லாம் தன் வீட்டம்மாதான், தான் இருட்டறைப் பக்கமே போவதில்லை என்றார். அந்த அம்மாவின் கையிலேயே சுருளைக் கொடுத்தேன்.

மறுவாரம் அந்த அம்மா உறையோடு வெளியே வந்தார். "துஜோ கோசோங்" என்றார். ஏழு காலி. சுருளை வாங்கி வாசலுக்கு ஓடி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். படம் விழுந்தால் கறுத்திருக்க வேண்டிய ஏழு கட்டமும் வெறும் கண்ணாடியாக இருந்தன, கரும்புள்ளிகூட இல்லை. அறை வெளிச்சம் போதவில்லை என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். நடைபாதையில் நின்றேன். தினமும் நூறு தடவை துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவன், பெண்டாட்டியைப் பாதி சாத்திய சன்னலுக்குள் வைத்துப் படமெடுத்த மடையன். அழுதேன். தெருவில் நின்று அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சமில்லை.

எட்டாவது படம் அருமையாக வந்திருந்தது. தொப்பியோடு நான் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறேன். தரையில், என் கால்வரைக்கும் நீண்டு அவள் நிழல். முக்காடு தெரிகிறது. பெட்டியைப் பிடித்த இரண்டு முழங்கைகளும் தெரிகின்றன. இரண்டு பிரதி போடச் சொல்லி, ஒன்றை ஊருக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் கைப்பட, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில், கடிதம் வந்தது. படம் கிடைத்தது, மூஞ்சி கொஞ்சம் கறுத்திருக்கிறது, ஆனாலும் தினமும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில், 'என் படம் ஏழையும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது மச்சான். யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள்' என்றிருந்தது.

பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று. யாரும் பார்க்கவில்லை என்று எழுதினேன். அல்லா அறிய அது பொய்யில்லை. நானும் பார்க்கவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.